பொங்கோலில் பாசப்பா நடத்திய விலங்குத் தோட்டம்: அதை மூடியது யார்?

#1 கடற்காகம்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் இருக்கும் பொங்கோலுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறை வரைக்கும் நடந்துவிட்டு வருவது வழக்கம். எதிரே புலாவ் உபின் தீவு, அதைத் தாண்டினால் ஜொகூர். தூண்டில் போடுகிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் தவிர அந்த நேரத்தில் ஆள் இருக்காது. இந்தக் கரையோரத்தில் 1928 முதல் ஒரு தனியார் விலங்குத் தோட்டம் இருந்தது, அதை நடத்தியவர் ஒரு இந்தியர் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அவர் பெயர் வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா. 1893இல் பிறந்தவர். அப்பா ஹன்மா சோமப்பா பெரிய நிலக்காரர். சாங்கிப் பக்கம் சோமப்பா கிராமம் என்று ஒன்று இருந்ததே, அது அந்தக் குடும்பத்தின் பெயர்தான். மகனுக்கு மிருகங்கள் மேல் மோகம். முதலில் சிராங்கூன் ரோடு 317ஆம் எண் வளாகத்தில்தான் அவற்றை வைத்திருந்தார். ஆமாம், நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற அதே சிராங்கூன் ரோடு. இடம் போதாமல் 1928இல் பொங்கோல் கடலோரத்தில் ஏறத்தாழ 27 ஏக்கரில் தோட்டம் போட்டார். 200 விலங்குகள், 2,000 பறவைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்பே என்ற வங்கப்புலி அவருடைய செல்லம், சங்கிலி போட்டுக் கூடவே நடத்திக்கொண்டு போவாராம்.

1942இல் எல்லாம் முடிந்துவிட்டது. ஜப்பானியர் நெருங்கி வந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. இருபத்து நான்கு மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். முடியவில்லை. பறவைகளைத் திறந்து விட்டார்கள், ஆபத்தான மிருகங்களைச் சுட்டார்கள். அடுத்த வருஷமே பாசப்பாவும் இறந்துவிட்டார்.

என் கேள்வி ஒன்றுதான். போர் வந்திருக்காவிட்டால் அந்தத் தோட்டம் நீடித்திருக்குமா? குடும்பமாக நடத்தும் விலங்குத் தோட்டங்கள் பெரும்பாலும் மூடிக்கொண்டுதானே போகின்றன?

#2 மஞ்சள்பெட்டி

நல்ல இழை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாசப்பா ஒரு விலங்கு வியாபாரி. வெளிநாட்டு விலங்குத் தோட்டங்களுக்கு மிருகங்களை விற்றவர். பார்வையாளர் டிக்கெட் ஒரு வருமானம், ஏற்றுமதி இன்னொரு வருமானம். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் அப்படித்தான் இருந்தது: சுமத்ரா, போர்னியோ, மலாயாக் காடுகளில் பிடித்ததெல்லாம் இங்கே வந்து கப்பல் ஏறும். அமெரிக்க மிருக வியாபாரி ஃபிராங்க் பக் இங்கே தளம் போட்டுக்கொண்டுதான் பேரும் பணமும் சேர்த்தார்.

ஆகவே "தோட்டம்" என்ற சொல்லைக் கேட்டு உருகாதீர்கள். பாதி தோட்டம், பாதி கிடங்கு. கூண்டில் இருக்கும் ஓராங் ஊத்தான் அடுத்த மாதம் எந்த நாட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

#3 கடற்காகம்

கோபம் இல்லை அண்ணே. ஆனால் விற்கிற சரக்குக்கு அப்பே என்று பேர் வைத்து யாரும் கூட நடக்க மாட்டார்கள்.

#4 மஞ்சள்பெட்டி

ஒரு புலிக்குப் பேர் வைத்தார், சரி. மீதி 199?

#5 கூண்டுச்சாவி

இரண்டு பேர் சொல்வதும் ஒரே ஆளுக்குள் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊர், எந்த இடம் என்று கேட்காதீர்கள். ஒரு குடும்பம் நடத்திய சின்ன விலங்குப் பூங்காவில் எட்டு வருஷம் பராமரிப்பாளராக இருந்தேன். முதலாளிக்கு ஒவ்வொரு மிருகத்தின் வயிற்றுப் பாடும் மனப்பாடம். காலையில் சாணத்தைப் பார்த்தே "இவளுக்கு நேற்று இறைச்சி பழசு" என்பார். அதே மனிதர் மத்தியானம் போனில் ஒரு ஜோடி கரடிக்கு விலை பேசுவார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கவே இல்லை.

குடும்பத் தோட்டம் எங்கே உடையும் என்று கேட்டால் நான் கூட்டத்தைச் சொல்ல மாட்டேன். கூட்டம் குறைந்தால் டிக்கெட்டைக் கூட்டலாம், ஒரு குட்டி பிறந்தால் மறுபடி கூட்டம் வரும். நிலம்தான் பிரச்சினை. ஊருக்கு வெளியே சல்லிசாக வாங்கின நிலம் இருபது முப்பது வருஷத்தில் ஊருக்கு நடுவே வந்துவிடும். பிள்ளைகள் நான்கு பேர் என்றால் ஒருத்தருக்குத்தான் மிருகங்கள் மேல் ஆசை இருக்கும். மற்ற மூன்று பேருக்கு அது நிலம். எங்கள் முதலாளி காலமானபோது கருமாதிக்கு முன்னாலேயே அளவைக்காரர் வந்து கல் நட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று, கணக்கு வழக்கு எல்லாம் அவர் தலைக்குள்ளே இருந்தது. எந்த மிருகத்துக்கு எந்த மருந்து ஆகாது, எந்தக் கூண்டுத் தாழ்ப்பாள் மழையில் சிக்கும், எந்த ஆண்மானைத் தனியாகக் கட்டணும், ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவர் போனதும் நாங்கள் குருடர்கள் மாதிரி நின்றோம்.

#6 வெள்ளவத்தைக்காரன்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பாசப்பாவுக்குச் சமகாலத்தில் கொழும்பிலும் ஒருவர் இருந்தார், ஜோன் ஹேகன்பெக். ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்துக் கார்ல் ஹேகன்பெக்கின் ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்ல வந்தேன், அது பிழை: தந்தை ஒருவர், தாய் வேறு. அண்ணர் அங்கே உலகம் முழுக்க மிருகம் விற்கிறார், தம்பி கொழும்பில் இருந்து யானை, சிறுத்தை, பாம்பு எல்லாம் அனுப்புகிறார். முதல் உலகப்போரில் ஜெர்மன்காரர் என்பதால் தம்பியின் சொத்து போயிற்று. திரும்பி வந்து 1920களின் பிற்பகுதியில் தெஹிவளையில் ஒரு மிருகத் தோட்டம் தொடங்கினார். அதுவும் மஞ்சள்பெட்டி சொன்ன கதைதான்: ஏற்றுமதிக்கு முன் மிருகங்களை நிறுத்தி வைக்கும் இடம், அப்படியே சனங்களுக்கும் காட்டலாம்.

1936இல் அந்தக் கம்பெனி நொடித்துப் போனது. பொங்கோலில் நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். அரசாங்கம் தோட்டத்தை மிருகங்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. இன்றைக்கு நாங்கள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று சொல்வது அதைத்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து பஸ்சில் கூட்டிக்கொண்டு போவார்கள். பின்னேரம் யானை ஆட்டம் பார்க்காமல் ஒரு பிள்ளையும் திரும்பாது. அந்த யானைகளைப் பற்றி இப்போது நினைத்தால் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது, அது வேறு கதை.

ஹேகன்பெக் குடும்பத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 1880களில் இலங்கையில் இருந்து யானைகளோடு மனிதர்களையும் கொண்டுபோய் ஐரோப்பாவில் காட்சிக்கு வைத்தவர்கள் அவர்கள். டிக்கெட் வாங்கி மனிதரைப் பார்த்தார்கள்.

#7 ஈரக்குடை

மான்செஸ்டரில் இருந்து. குடும்பத் தோட்டம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: பெல் வியூ. ஜான் ஜெனிசன் என்ற தோட்டக்காரர் 1836இல் தொடங்கினார். ஆரம்பத்தில் கடன் கழுத்தை நெரித்தது, பக்கத்தில் ரயில் வந்தது பிழைக்க வைத்தது. மகன்கள், பேரன்கள் என்று 1925 வரைக்கும் ஜெனிசன் குடும்பம்தான். பீர் கூட வெளியே வாங்கவில்லை, சொந்தமாகக் காய்ச்சினார்கள். தோட்டத்துக்கான எரிவாயுவும் சொந்த ஆலையில். தொழிலாளிகள் வாரம் முழுக்கப் பஞ்சாலையில் நின்றுவிட்டு விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்து யானையையும் வாணவேடிக்கையையும் பார்த்துவிட்டுப் போகிற இடம்.

யானை என்றதும் மகாராஜாவைச் சொல்லாமல் விட முடியாது. 1872இல் எடின்பரோவில் ஒரு ஊர்சுற்றி மிருகக்காட்சிக் கம்பெனியின் சொத்து ஏலத்துக்கு வந்தது. ஜெனிசன் குடும்பம் 680 பவுண்டுக்கு ஒரு ஆசிய யானையை எடுத்தது. ரயில் பெட்டியில் ஏற்றினால் அது பெட்டியைப் பிய்த்துவிட்டது என்பார்கள். கடைசியில் லோரென்சோ லாரன்ஸ் என்ற பாகனோடு எடின்பரோவில் இருந்து மான்செஸ்டர் வரைக்கும் ஏறக்குறைய 200 மைல், பத்து நாள் நடந்தே வந்தது. பத்து வருஷம் பெல் வியூவில் பிள்ளைகளைச் சுமந்துவிட்டு 1882இல் செத்தது. எலும்புக்கூடு இன்றும் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அதன் கால் எலும்புக்கு நேராக அவளை நிறுத்திப் படமெடுத்தேன். அவள் கேட்ட கேள்வி, "இதற்கு ஊருக்குப் போகணும் என்று இருந்திருக்காதா அப்பா?" எந்த ஊர் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

1925இல் குடும்பம் விற்றது. வாங்கிய கம்பெனியும் அதற்குப் பிறகு வந்தவர்களும் இன்னும் ஐம்பது வருஷம் ஓட்டினார்கள். செப்டம்பர் 1977இல் விலங்குப் பகுதியை மூடினார்கள். ஒவ்வொன்றாக விற்றுப் போக, கடைசியாக மிஞ்சியது எல்லி மே என்ற யானை. வேறு இடத்துக்குப் போகவிருந்தது, அதற்குள் நோயில் விழுந்து முடிந்துவிட்டது.

#8 மஞ்சள்பெட்டி

ரயில் பெட்டிக் கதையை முழுக்க நம்பிவிடாதீர்கள். யானையை நடத்திக்கொண்டு போனால் வழியெல்லாம் பத்திரிகையில் வரும், காசில்லாத விளம்பரம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. பாசப்பா சங்கிலியில் புலியை நடத்தியதும் அந்த ரகம்தான் என்பது என் எண்ணம்.

#9 உயிர்க்காலேஜ்

பேரைப் பார்த்தாலே தெரியும், சென்னைக்காரன். மியூசியம் "செத்த காலேஜ்", ஜூ "உயிர்க் காலேஜ்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை மறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்ட பேர்.

எங்களுடையது குடும்பத் தோட்டம் இல்லை, அரசாங்கத்துடையது. ஆனாலும் ஒரு ஒப்பீட்டுக்காக. 1855இல் எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் மிருகங்களை வைக்க ஆரம்பித்தார். அப்புறம் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க். அங்கேயும் ஊர் நெருக்கிவிட்டது. 1979இல் வண்டலூரில் வேலை தொடங்கி 1985இல் திறந்தார்கள். ஆறு வருஷம் சாவகாசமாக. பாசப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பகல், ஒரு ராத்திரி.

இந்தியாவில் தனியார் சின்ன ஜூக்கள் அடங்கியதற்குக் காரணம் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் திருத்தம் வந்தது, 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது. அங்கீகாரம் இல்லாமல் ஜூ நடத்தக் கூடாது. கூண்டு இத்தனை பெரிசு, டாக்டர் வேண்டும், பதிவேடு வேண்டும் என்று வரும்போது சர்க்கஸ் கூண்டு மாதிரி வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

#10 கடற்காகம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே இல்லை.

பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியர் வடகிழக்கில்தான் இறங்குவார்கள் என்று நினைத்தார். அதாவது பொங்கோல் பக்கம். பலமான படைகளை இந்தப் பக்கம் நிறுத்தினார். ஜப்பானியர் அந்த நினைப்புக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். 1942 பிப்ரவரி 7ஆம் தேதி எதிரே இருக்கும் புலாவ் உபினில் ஒரு படையை இறக்கிப் போக்குக் காட்டினார்கள். மறுநாள் ராத்திரி உண்மையில் கரையேறியது சிங்கப்பூர்த் தீவின் மறுகோடியில், வடமேற்கில் சரிம்பூன் பக்கம். 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

ஆக, எந்தக் கரையைக் காப்பாற்ற வேண்டும் என்று மிருகங்களைச் சுட்டார்களோ அந்தக் கரையில் அந்த இரவு யாரும் இறங்கவில்லை. மஞ்சள்பெட்டி அண்ணே, அவை சரக்காகவே இருந்திருக்கட்டும். சரக்கைக் கூட இவ்வளவு வீணாக யாரும் கொட்ட மாட்டார்கள்.

#11 மஞ்சள்பெட்டி

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சேர்த்தே சொல்லவேண்டும்: போர் என்றால் விலங்குத் தோட்டங்கள் முதல் பலி, அது எல்லா ஊரிலும் நடந்தது. 1939இல் போர் அறிவித்ததும் லண்டன் விலங்குத் தோட்டத்தில் விஷப் பாம்புகளைக் கொன்றார்கள். குண்டு விழுந்து தப்பித்தால் என்ன செய்வது என்ற பயம். 1943இல் தோக்கியோ உயெனோவில் யானைகளைப் பட்டினி போட்டே கொன்றார்கள். ஊசி தோலில் ஏறவில்லை, விஷம் வைத்த தீனியை அவை தொடவில்லை என்பார்கள். இத்தனைக்கும் அது அரசாங்கத் தோட்டம், தனியார்கூட இல்லை.

#12 கூண்டுச்சாவி

இருபத்து நான்கு மணி நேரம் என்று படித்ததில் இருந்து என் கை சும்மா இருக்கவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு குறைச்சல் என்று தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு புலியை இடம் மாற்ற வேண்டும் என்றால் முதலில் பயணப் பெட்டியைக் கூண்டு வாசலோடு ஒட்டி வைப்போம். கதவு மேலே தூக்குகிற மாதிரி, பலகைக் கதவு. முதல் நாள் புலி அந்தப் பக்கமே வராது. இரண்டாம் நாள் மோந்து பார்க்கும். இறைச்சியை வாசலில் வைப்போம், அப்புறம் ஒரு சாண் உள்ளே, அப்புறம் கடைக்கோடியில். கதவை மட்டும் இறக்க மாட்டோம். வால் வரைக்கும் உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிட்டு அங்கேயே படுக்கிற நாள் வரும், இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். அன்றைக்குத்தான் கதவு இறங்கும். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் தீர்ந்தது, அந்த மிருகம் ஆயுசுக்கும் பெட்டிக்குள் கால் வைக்காது.

மான் இன்னும் மோசம். துரத்திப் பிடித்தால் தசை முறுகி, பிடித்த அன்றோ இரண்டு நாள் கழித்தோ விழுந்து செத்துப்போகும். எங்கள் பூங்கா மூடியபோது ஒரு கடமான் பெண் என் மடியிலேயே போனது. ஒரு கீறல் இல்லை. வெறும் பயம். கண் திறந்தபடி இருந்தது, மூக்கு நுனி மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது.

இப்போதாவது மயக்க ஊசித் துப்பாக்கி இருக்கிறது. 1942இல் அதுவும் கிடையாது. 200 விலங்குகள். பெட்டி எத்தனை இருந்திருக்கும்? லாரி எத்தனை? அப்படியே ஏற்றினாலும் எங்கே கொண்டுபோவது? ஊரே குண்டுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பாசப்பாவால் முடியவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டார்கள். யாராலும் முடியாது.

#13 ஈரக்குடை

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் வந்தேன்.

#14 உயிர்க்காலேஜ்

கடற்காகம், போருக்குப் பிறகு பொங்கோலில் யாரும் மறுபடி தொடங்கவில்லையா?

#15 கடற்காகம்

தொடங்கினார்கள். 1963இல் சான் சகோதரர்கள் என்பவர்கள் பொங்கோலிலேயே ஒரு விலங்குத் தோட்டம் போட்டார்கள். அதுவும் குடும்பத் தொழில்தான். 1970களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. கூண்டுச்சாவி சொன்ன மாதிரி, எதிரியே தேவையில்லை போலிருக்கிறது. தீவு சின்னது, நிலத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. 1973 ஜூன் 27ஆம் தேதி மண்டாயில் இப்போதைய விலங்குத் தோட்டம் திறந்தது.

ஆகவே என் முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். போர் வந்திருக்காவிட்டாலும் பாசப்பா தோட்டம் இன்று இருந்திருக்காது. ஆனால் மெதுவாக மூடியிருக்கும். மிருகங்கள் வேறெங்காவது போயிருக்கும்.

#16 வெள்ளவத்தைக்காரன்

மண்டாய் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும், சிங்கப்பூர்க்காரருக்குத் தெரியுமோ தெரியாது. உங்கள் மண்டாய்த் தோட்டத்தைத் திட்டமிட ஆலோசகராக வந்தவர் லின் டி அல்விஸ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளர். 1994இல் திறந்த உங்கள் இரவு சஃபாரிக்கும் வடிவமைப்பு ஆலோசனை சொன்னவர் அவர்.

கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி மிருகத்தைத் திறந்த வெளியில் காட்டும் முறையை உலகத்துக்குப் பரப்பியவர் ஹம்பர்க்கின் கார்ல் ஹேகன்பெக். 1907இல் அப்படி ஒரு தோட்டத்தையே அங்கே திறந்தார், இன்றும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. தம்பி கொழும்பில் நொடித்துப் போன தோட்டத்தில் இருந்து ஒருவர் புறப்பட்டு வந்து உங்களுக்கு அகழித் தோட்டம் போட்டுக் கொடுத்தார். நான் முடிச்சுப் போடுகிறேன் என்று மஞ்சள்பெட்டி சொல்வார். போட்டால் என்ன?

#17 மஞ்சள்பெட்டி

சொல்ல மாட்டேன். முடிச்சு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் வியாபாரிகளின் கதை மண்டாயோடு முடியவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். 1960களில் போர்னியோ, சுமத்ரா ஓராங் ஊத்தான் குட்டிகள் சிங்கப்பூர் வழியாகக் கடத்தப்பட்டது உலகத்துக்கே தெரிந்த விஷயம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் நாம் சேர்ந்தது 1986இல்தான்.

#18 கடற்காகம்

எழுதிக்கொண்டேன் அண்ணே.

இன்று காலையும் படகுத்துறைக்குப் போனேன். அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, 1942 பிப்ரவரி 28இல் இதே கரையில் ஜப்பானியர் சுட்டுக் கொன்ற சீனர்களுக்காக. முந்நூறு நானூறு பேர். அதன் முன்னால் நின்றபோது புலியைப் பற்றிக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தோட்டத்தைப் பற்றி என் கண்ணில் ஒன்றும் படவில்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன். "ஜூவா? மண்டாய்க்கு இங்கேயிருந்து பஸ் மாறிப் போகணும்" என்றார்.

#19 மாலைநேரப்பேருந்து

புது உறுப்பினர். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் வேலை. எங்கள் முகவரியே சோமப்பா ரோடு எண் 8. நான்கு வருஷமாக அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறேன், ஏதோ மலாய்ப் பெயர் என்று நினைத்திருந்தேன். நாளைக்குப் படமெடுத்துப் போடுகிறேன்.